நூற்றைந்தில்

நூறு வரை ஒன்றுமில்லை.
நூற்றைந்தைத் தொட்டதும் ஸ்டீயரிங்
கைக்குள் அகப்பட்ட எலி மாதிரித் துடிக்கும்.
நூற்றுப்பத்தில் விட்டுவிடும்.
தினமும் இல்லை.
சில நாள் டேவிட்சன் ஊர் வரும்வரை ஆடிவிட்டு
ஒன்றும் அறியாத முகத்தை வைத்துக்கொள்ளும்.
சில நாள் வரவே வராது.

முதலில் பாலன்ஸ் பார்த்தார்கள்.
ரிம் ஓரத்தில் எடைக்கட்டி ஒட்டி
தொண்ணூறு டாலர் வாங்கினார்கள்.
பிறகு டை ராடு, கிங் பின், வீல் பேரிங்.
ரெஜைனாவில் ஒருவன் ரிம் கோணல் என்றான்.
சஸ்கட்டூனில் ஒருவன் அதே ரிம்மைத் தடவிப் பார்த்து
கோணல் சொன்னவன் கண்ணில் என்றான்.
யாராவது பக்கத்தில் ஏறி உட்கார்ந்தால் போதும்,
டாக்டரைக் கண்ட பல்வலி.

"வண்டியில ஒண்ணுமில்ல, லார்ன்"
என்று சொன்னவர்கள்
வண்டியைப் பார்த்துச் சொல்லவில்லை.
என் கைகளைப் பார்த்துச் சொன்னார்கள்.

எனக்கு அறுபத்தொன்று.
மார்ச்சில் லைசென்ஸுக்கு மருத்துவச் சான்று வேண்டும்.
கிரெய்க் பெட்ரோல் பங்கில் காபி வாங்கி
மேஜையில் வைக்காமல்
மூடியைத் திறந்து பிடித்தபடி நின்றேன்.
கறுப்பு வட்டத்தில் ஒரு வளையம், அதற்குள் இன்னொன்று.
வெளியே இன்ஜின் அணைக்காத ஏதோ லாரியாக இருக்கலாம்.
இருக்கலாம்.
சட்டைப் பொத்தான் போட நேரமானபோது
வீட்டில் குளிரைச் சொல்லித் தப்பித்தேன்.

சேம்பர்லேனில் ஓரிஸ்யா ஹலுஷ்கோ
வண்டியைத் தொடவே இல்லை.
"எப்போ வருதுன்னு சொல்லாதே. எப்போ வரலே?"
எல்லோரும் வந்த நாளைத்தான் கேட்டிருந்தார்கள்.
லாக் புத்தகத்தைப் புரட்டினோம்,
பருப்பு ஏற்றிய நாள், கனோலா ஏற்றிய நாள்,
காற்று வடக்கே, காற்று மேற்கே,
எதுவும் பொருந்தவில்லை.
அவள் விரல் ஒரு பக்கத்தில் நின்றது.
"இந்த ராத்திரி வண்டி எங்கே படுத்தது?"
ஷெட்டில்.
"இது?"
ஷெட்டில்தான்.
பார்த்தவர்கள் அத்தனை பேரும்
ராத்திரி முழுக்கக் கதகதப்பில் நிறுத்திவிட்டு
காலையில் பார்த்திருக்கிறார்கள்.

அன்றிரவு வெளியே விட்டோம். மைனஸ் முப்பத்தொன்று.
விடியுமுன் ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி
டயரின் அடியில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தாள்.
சுற்றிவிட்டாள். முன்னும் பின்னும் ஆடி
கோடு கீழே வந்து நின்றது.
மறுபடி. கீழே.
என்னை விடச் சொன்னாள். கையுறையோடு விட்டேன்.
கீழே.

வண்டியை உள்ளே தள்ளி ஹீட்டரைத் திருப்பினாள்.
இரண்டு மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை,
வேறு யாருடைய ஆல்டர்னேட்டரையோ கழற்றிக்கொண்டிருந்தாள்.
பிறகு சுற்றிவிட்டால்
கோடு தன் இஷ்டத்துக்கு எங்கெங்கோ நின்றது.
ரப்பரில் காதை வைத்தாள். என்னையும் வைக்கச் சொன்னாள்.
உள்ளே குறைகுடம் கூத்தாடியது.

"அக்டோபர்ல எங்கே காத்தடிச்சே?"
தானியக் கிடங்கு முற்றத்தில்.
வடித்துவிடாத கம்ப்ரசர், காற்றோடு
தன் வயிற்றுத் தண்ணீரையும் துப்பியிருக்கிறது.
இரவில் அடியில் தேங்கிக் கட்டியாகும்.
ஒரு மணி நேரம் ஓடினால் உருகும்,
உருகினால் சுற்றிலும் சமமாய்ப் பரவி
நல்ல பிள்ளையாகிவிடும்.

டயரைப் பிரித்துக் கவிழ்த்தபோது
துருநிறத்தில் கால் பக்கெட்.
வாசலில் வீசினாள்.
நான் பணம் எண்ணி முடிப்பதற்குள்
அது உறைந்துவிட்டது.

இரண்டு இரவு முற்றத்தில் நிறுத்தி எடுத்தேன்.
நூற்றைந்து. நூற்றாறு.
ஸ்டீயரிங் கையில் பிணம்போல் கிடந்தது.
சத்தம் போட்டுச் சிரித்தேன், கேட்க யாருமில்லை.
பத்து நாள் தூங்காதவன் போலப் பசித்தது.

கிரெய்கில் நிறுத்தினேன்.
காபி வாங்கினேன்.
மூடியைத் திறக்கவில்லை.